‘ஜாயின்ட் வேஸ்ட் பிளான்’: தமிழில் எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தின் உள்ளாட்சி ஆவணங்களில் ‘ஜாயின்ட் வேஸ்ட் பிளான்’ என்றொரு தொடர் அடிக்கடி வரும். ‘கூட்டுக் கழிவு மேலாண்மைத் திட்டம்’ என்று எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதினால், படிப்பவர் குப்பை வண்டியையும் மக்கும் குப்பை, மக்காத குப்பைத் தொட்டிகளையும்தான் நினைப்பார். இந்த ஆவணமோ நிலத்தைப் பற்றியது. மறுசுழற்சி ஆலை எந்த மனையில் வரலாம், ஏற்கெனவே இருக்கும் கழிவுத் தளங்களில் எவற்றைக் கைவிடக் கூடாது என்று அக்கம்பக்கத்து உள்ளாட்சிகள் சேர்ந்து முடிவெடுத்து எழுதிவைப்பது இது.

‘வேஸ்ட்’ என்பதற்கு மூலம் லத்தீனின் ‘வாஸ்டுஸ்’. வெறுமையான, பாழான என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது முதலில் பாழ்நிலத்தைத்தான் குறித்தது. வேண்டாமென்று எறியும் பொருளைக் குறித்தது பிற்பாடு. நம்முடைய ‘குப்பை’ வேறு வழியில் வந்தது. அதற்குக் குவியல் என்றே பழைய பொருள். சங்கப் பாடல்களில் உப்புக் குவியலும் குப்பைதான். சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பை என்ற ஊர்ப்பெயரிலும் அந்தப் பொருளே தெரிகிறது. ‘கழி’ என்ற வினையிலிருந்து வந்த ‘கழிவு’ இலங்கையில் விலைத் தள்ளுபடியையும் குறிக்கும். ஆனாலும் அலுவல் தமிழில் கழிவு நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை.

‘ஜாயின்ட்’ என்பதிலும் சிக்கல் இல்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று நாம் சொல்லிப் பழகிய ‘கூட்டு’ போதும். ஆனால் ஏன் கூட வேண்டும்? லண்டனில் ஒவ்வொரு பரோவும் (மாநகருக்குள் இருக்கும் தனித்தனி உள்ளாட்சி) தன் கழிவுக்கான இடத்தைத் தானே திட்டமிட வேண்டும். மாநகர அளவிலான லண்டன் பிளான், இவ்வளவு கழிவைக் கையாள இடம் காட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு விதிக்கிறது. நெருக்கடியான கேம்டன், இஸ்லிங்டன் போன்ற பரோ ஆலைக்கு இடம் தேடி எங்கே போகும்? இன்னொரு பரோவான என்ஃபீல்டில் தொழிற்பேட்டை நிலம் உண்டு. பங்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குக் காட்ட, 2004ஆம் ஆண்டின் திட்டமிடல் மற்றும் கட்டாய நில எடுப்புச் சட்டம் இடம் தருகிறது. கிரேட்டர் மான்செஸ்டரின் 10 உள்ளாட்சிகள் 2012இல் இப்படி ஒரு கூட்டு ஆவணத்தை ஏற்றன.

வட லண்டனின் 7 பரோக்களுக்குத்தான் பெரும்பாடு. 2011இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் பக்கத்து உள்ளாட்சிகளோடு ‘ஒத்துழைக்கும் கடமை’யை விதித்தது. ஏழும் தங்களுக்குள் கூடிப் பேசியிருந்தன, சரி. அவற்றின் கழிவு போய்ச் சேரும் லண்டனுக்கு வெளியேயுள்ள பகுதிகளோடு போதுமான அளவு பேசவில்லை என்று 2012இல் அவற்றின் கூட்டுத் திட்ட வரைவைப் பரிசீலித்த அரசுத் திட்டமிடல் ஆய்வாளர் அதை நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 2022இல்தான் அது நிறைவேறியது. கூட்டுக்குள்ளே யார் என்பதோடு, கூட்டுக்கு வெளியே குப்பையை வாங்கிக்கொள்பவர் யார் என்பதையும் இந்தச் சொல் சுமக்கிறது.

கடினமானது ‘பிளான்’. ஆங்கிலத்தில் பிளான், ஸ்கீம், புராஜெக்ட் என்று தனித்தனியாக இருப்பவை எல்லாம் தமிழில் ‘திட்டம்’ ஆகிவிடுகின்றன. நிலம் என்பதைச் சொல்லாமல் விட்டால் பொருள் தவறிவிடும். ‘இட ஒதுக்கீடு’ என்று போடலாமா? அப்புறம் குப்பைக்கும் கல்லூரியில் சீட்டு தருகிறார்கள் என்று படித்துவிடுவார்கள்! ‘கழிவுநிலம்’ என்றால் தரிசு போலத் தொனிக்கிறது. என் தேர்வு ‘கழிவுத்தளக் கூட்டுத் திட்டம்’. முதன்முறை வரும்போது மட்டும் ‘கழிவு கையாளும் இடங்களுக்கான கூட்டு நிலப் பயன்பாட்டுத் திட்டம்’ என்று விரித்து எழுதிவிடலாம்.

இந்த ஆவணங்களுக்குள் வரும் ‘சேஃப்கார்டட் சைட்’ என்பதையும் ‘பாதுகாக்கப்பட்ட தளம்’ என்று எழுத வேண்டாம். அப்படிச் சொன்னால் கோயிலோ கல்வெட்டோ நினைவுக்கு வரும். அந்த மனையில் அடுக்குமாடி கட்ட யாராவது கேட்டால் எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே அதன் பொருள். ‘கழிவுப் பணிக்கென்றே வைத்திருக்கும் தளம்’ என்றால் புரியும்.