கூட்ட நாளில் மட்டும் சூடேறும் மண்டபமும் அங்குள்ள பழைய ஆர்கனும்

லண்டன் கிரேட் குயின் தெருவில், முதல் உலகப் போரில் உயிர்நீத்த 3,000-க்கும் மேற்பட்ட ஃப்ரீமேசன் என்னும் சகோதரத்துவ அமைப்பினரின் நினைவாக எழுந்த அவ்வமைப்பின் தலைமையகத்தின் பெருமண்டபத்தில், 1933-இல் ஹென்றி வில்லிஸ் நிறுவனம் அமைத்த குழலார்கன் (குழல்களில் காற்றூதி ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி) இன்றும் ஒலிக்கிறது. ஏறத்தாழ 80 ஆண்டு உழைப்பில் தளர்ந்த அக்கருவியை டர்ஹாமைச் சேர்ந்த ஹாரிசன் அண்ட் ஹாரிசன் நிறுவனம் செப்பனிட்டு 2015-இல் மீட்டுத் தந்தது. அத்தனை வசதி எல்லா ஃப்ரீமேசன் கிளைச் சபைகளுக்கும் வாய்ப்பதில்லை. ஆர்கன் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், சிற்றூர்ச் சபை மண்டபங்களில் நான் காணும் சேதத்துக்குப் பெரும்பாலும் காரணம் சூடேற்றும் முறைதான் என்பேன்.

மாதத்தில் ஓரிரு நாளே கூட்டம் என்பதால், மற்ற நாள்களில் குளிர்ந்து கிடக்கும் மண்டபத்தை அன்று மாலை மட்டும் அவசரமாகச் சூடாக்குகிறார்கள். ஈரப்பதம் மளமளவென்று இறங்க, குழல்களைத் தாங்கும் காற்றுப்பெட்டியின் மரம் சுருங்கி வெடிப்பு விடுகிறது. அதன் வழியே ஒரு சுரத்துக்கான காற்று பக்கத்துக் குழலுக்குக் கசிந்து, தொடாத சுரமும் மெல்ல முனகத் தொடங்குகிறது. சுருதியும் நிற்பதில்லை. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் 440 ஹெர்ட்ஸ் சுரம் ஏறத்தாழ 0.75 ஹெர்ட்ஸ் ஏறும். உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் குழல்களோ அந்த அளவுக்கு ஏறாமல் பின்தங்குவதால், இரு வகையும் சேர்ந்து ஒலிக்கையில் பிசிறடிக்கும். அதைக் கேட்டவுடன் சுருதி சேர்ப்பவரை அழைப்பது வீண் செலவு. மண்டபம் வழக்கமான வெப்பநிலைக்குத் திரும்பியதும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

ஒரு மண்டபத்தில், ஆர்கனுக்குக் காற்றூதும் மோட்டார் இருந்த நிலவறையில் உடைந்த நாற்காலிகளையும் பெயின்ட் டப்பாக்களையும் அடுக்கி வைத்திருந்தார்கள். மோட்டார் இழுத்த தூசு குழல்களின் வாயிலும் நாக்கிலும் அப்பியிருந்தது. அந்த அறையைக் காலியாக வைத்திருக்கக் காசா பணமா?

இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களில் ஆர்கனைக் கழற்றுவதற்குத் திருச்சபையின் முன் அனுமதி வேண்டும். ஃப்ரீமேசன் சபை மண்டபங்களுக்கு அந்தக் காவல் கிடையாது. எனினும், கட்டடம் பாதுகாக்கப்பட்டவற்றின் பட்டியலில் இருந்தால், அதனோடு பொருத்தப்பட்ட ஆர்கனும் பொதுவாக அதன் பகுதியாகவே கொள்ளப்படும் என்பது பல நிர்வாகக் குழுக்களுக்குத் தெரிவதில்லை. பழைய ஆர்கனுக்குப் பதிலாக மின்னணுக் கருவி வாங்க விற்பவரிடம் கையெழுத்திடுமுன், அவரிடமோ பழுதுபார்ப்பவரிடமோ ஆதாயம் பெறாத ஆலோசகர் ஒருவரைக் கொண்டு பழைய கருவியைப் பார்வையிடச் செய்யுங்கள். தகுதியுள்ள பழைய ஆர்கன்களுக்குப் பிரித்தானிய ஆர்கன் ஆய்வுக் கழகம் வரலாற்றுச் சான்றிதழ் வழங்குகிறது. அதற்குச் சட்ட வலு இல்லையென்றாலும், செப்பனிட நிதி கோரும் விண்ணப்பத்தோடு இணைக்க உதவும்.