சப்-1 நெல்லை விதைக்கு எடுத்து வைக்கலாமா?

சப்-1 என்பது வெள்ளத்தில் மூழ்கினாலும் நெல்லைத் தாங்கவைக்கும் மரபணு. அது உள்ள நெல் விதையோடு டெல்டாப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும்: “சார், இந்த சப்-1 நெல்லு பி.டி. பருத்தி மாதிரியா? விதைக்கு எடுத்து வைக்கலாமா?” இதற்குப் பதில் சொல்லாமல் மூட்டையைக் கொடுத்துவிட்டு வர எனக்கு மனம் வருவதில்லை.

வயல் மூழ்கினால் சாதாரண நெல் தண்ணீருக்கு மேல் தலைநீட்ட அவசரமாக நீளும். சேமித்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துபோகும். தண்ணீர் வடிந்தபின் நிமிரத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகும். சப்-1 உள்ள பயிர் அப்படியில்லை. வளர்ச்சியை அடக்கிக்கொண்டு காத்திருக்கும், வடிந்ததும் துளிர்க்கும். ஏறக்குறைய 2 வாரம் தாங்கும்.

இந்தக் குணத்தை எந்த ஆய்வகமும் உண்டாக்கவில்லை. ஒடிசா விவசாயிகள் காத்துவந்த பழைய நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் தந்தது அது. மூழ்கலைத் தாங்குவது எந்த மரபணு என்பது 2006இல் தெளிவானது. நாற்றில் ஒரு இலைத் துணுக்கைக் கிள்ளி டி.என்.ஏ. பார்த்து, அந்த மரபணு உள்ள நாற்றை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தோடு மகரந்தம் சேர்த்துக் கலப்பு செய்தார்கள். நெல்லும் நெல்லும் சேர்ந்த கலப்புதான், பி.டி. பருத்தியில் இருப்பதுபோல பாக்டீரியா மரபணு எதுவும் இதில் இல்லை.

2025 மே மாதம் அறிவித்த ‘கமலா’ நெல் வேறு விதம். நமக்குப் பழகிய பி.பி.டி. 5204 நெல்லின் சொந்த மரபணு ஒன்றிலேயே சிறு திருத்தம் செய்து, கதிரில் மணியைக் கூட்டியிருக்கிறார்கள். இத்தகைய திருத்தத்துக்கு 2022இல் மத்திய அரசு மரபணு மாற்றப் பயிர் விதிகள் சிலவற்றிலிருந்து விலக்கு அளித்தது. விலக்கு இருக்கட்டும், விதையில் என்ன செய்தோம் என்பதை மூட்டையிலேயே தமிழில் அச்சிட வேண்டும் என்பேன். வாங்குகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

சப்-1 நெல்லுக்கும் எல்லை உண்டு. தூர் கட்டும் பருவ வெள்ளத்துக்குத்தான் அது கைகொடுக்கும். பூக்கும்போது மூழ்கினால் காப்பாற்றாது. வடிகால் வாய்க்காலைத் தூர்வாராமல் சப்-1ஐ மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

விதைக்கு எடுத்து வைக்கலாம். விளைந்ததைத் திரும்ப விதைத்தால் குணம் மாறிப்போக, இது வீரிய ஒட்டு இல்லை. ஆனால் வயலில் நிற்கும்போது பழைய சி.ஆர். 1009க்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. களத்தில் கலந்துவிட்டால் வெள்ளம் வரும்போதுதான் தெரியும். அதனால் முதல் விதையை, சான்று பெற்ற விதை மூட்டையில் இருக்கும் நீலச் சான்றட்டை பார்த்து வாங்குங்கள். களத்தையும் சாக்கையும் உதறிச் சுத்தம் செய்துவிட்டுத் தனியாக அடியுங்கள். 3 வருஷத்துக்கு ஒருமுறை புது விதைக்கு மாறுங்கள். அட்டையைக் கிழித்து எறியாமல் பத்திரமாக வைத்திருங்கள். முளைப்பில் குறை என்று புகார் கொடுக்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.