மயங்கிக் கிடக்கும் பிட்டாவுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மழைக்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் பர்மாவின் மோல்மீன் நகரப் பக்கத்து வீட்டு வாசல்களிலும் கோவில் பிராகாரங்களிலும் விடியற்காலையில் ஒரு வண்ணப் பறவை விழுந்து கிடக்கலாம். பச்சை முதுகு, பளீரென்ற நீலச் சிறகு, கறுப்புப் பட்டை ஓடிய தலை, சிவந்த அடிவயிறு, குட்டை வால், நீண்ட கால்கள். நீலச்சிறகு பிட்டா அது; தமிழ்நாட்டு ஆறுமணிக்குருவிக்கு நெருங்கிய சொந்தம். பகலில் காட்டுத் தரையில் சருகு புரட்டி மண்புழுவும் பூச்சியும் தேடும் பறவை, வலசையை மட்டும் இரவில் வைத்துக்கொள்கிறது. மேகம் மூடிய இரவில் விளக்கொளி திசையைக் குழப்ப, சுவரிலோ கண்ணாடியிலோ மோதுகிறது.

பார்த்தவுடன் அலகைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூச்சுக்குழாயின் வாய் பறவைக்கு நாக்கின் அடியை ஒட்டியே இருக்கிறது. மயக்கத்தில் ஊற்றும் தண்ணீர் அதற்குள் இறங்கினால், மோதலில் பிழைத்த உயிர் மூச்சுத் திணறிப் போய்விடும். சோறு, பிஸ்கட், மனிதர் மாத்திரை எதுவும் கூடாது.

அதற்கு வேண்டியது இருட்டும் அமைதியும். மெல்லிய துண்டைப் போர்த்தி, சிறகுகளை உடலோடு சேர்த்து எடுங்கள். மார்பை அழுத்தாதீர்கள்: பறவைக்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு ஓடும். அட்டைப்பெட்டியில் பேனா நுழையும் அளவு துளைகள் இட்டு, அடியில் பருத்தித் துணி விரித்து, உள்ளே வைத்து மூடுங்கள். கம்பிக் கூண்டு ஆகாது; முட்டி மோதி அலகின் அடியைக் கிழித்துக்கொள்ளும். அடிக்கடி திறந்து பார்ப்பதும் படமெடுப்பதும் அதற்குப் பெரிய அதிர்ச்சி.

ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டால் நல்ல அறிகுறி. பகலாக இருந்தால் பூனையும் காகமும் இல்லாத புதர் நிழலில் பெட்டியைச் சாய்த்துத் திறந்து வையுங்கள்; இரவானால் விடியும்வரை பொறுங்கள். மேலே தூக்கி எறியவே கூடாது. சிறகு தொங்கினாலோ, தலை சாய்ந்தே இருந்தாலோ, அலகில் ரத்தம் கண்டாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அழகுக்காக வளர்க்கும் எண்ணம் வேண்டாம். இதன் உறவுப் பறவையான, தென்பர்மாவின் தெனாசரிம் தாழ்நிலக் காட்டில் வாழும் கர்னி பிட்டா, பர்மாவில் பல பத்தாண்டுகள் கண்ணில் படாமலிருந்து 2003இல்தான் மறுபடி கண்டறியப்பட்டது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்காகக் காடு அழிவதே அதற்குப் பெரும் கேடு. பறவை பிடிப்பவர்களின் கண்ணியும் சேர்ந்தால் தாங்காது.

வலசை மாதங்களில் மேல்நோக்கிய விளக்குகளை இரவு பத்துக்கு மேல் அணைத்துவிடுங்கள். பெரிய கண்ணாடிகளில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள். உள்பக்கம் ஒட்டினால் வெளியே தெரியும் மரநிழல் பிம்பம் அவற்றை மறைத்துவிடும், ஆகவே வெளிப்பக்கம்தான் ஒட்ட வேண்டும்.