கரி படியாத நிக்கல்

சேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் சிலவற்றில், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரைத்த கழிவுநீரை மூடிய தொட்டியில் புளிக்கவிட்டு எரிவாயு எடுக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். மீதியில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு. மீத்தேன் எரிந்து பயன் தருகிறது, கார்பன் டை ஆக்சைடு சும்மா காற்றோடு போகிறது. இரண்டையும் வினைபுரிய வைத்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். அந்தக் கலவையிலிருந்து மெத்தனால் முதல் டீசல் வரை தயாரிக்கலாம்.

ஆனால் கார்பன் டை ஆக்சைடு லேசில் மசியாது. சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூடும் ஒரு வினையூக்கியும் வேண்டும். விலைக்குக் கட்டுப்படியாவது நிக்கல்.

நிக்கல் துகள்மேல் வந்து உட்காரும் மீத்தேன், ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாக இழந்து வெறும் கார்பனாக மிஞ்சுகிறது. கார்பன் டை ஆக்சைடு உடைந்து தரும் ஆக்சிஜன் உடனே வந்து அதைக் கார்பன் மோனாக்சைடாக்கிக் கிளப்பிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் போச்சு, கார்பன் அணுக்கள் ஒன்றுசேர்ந்து கரியாகப் படிந்து நிக்கலை மூடிவிடும். போதாக்குறைக்கு, அந்தச் சூட்டில் நிக்கல் துகள்கள் நகர்ந்து, ஒட்டி, பெருத்துவிடும். பெருத்த துகளில் கரி இன்னும் எளிதாகப் பிடிக்கும். இத்தனை நல்ல வினை ஆலைக்குள் பரவலாக நுழையாததற்கு இதுதான் பெரிய காரணம்.

இதற்கு மருந்து மக்னீசியம் ஆக்சைடு. சேர்வராயன் மலையடிவாரத்து வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) சூளையில் சுட்டால் கிடைக்கிறதே, உலைச் செங்கல்லுக்குப் போகிறதே, அதே பொருள்தான். (சுடும்போது கல்லின் எடையில் பாதி கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுவது தனிக் கவலை.) காரத்தன்மை உள்ளதால் அமில வாயுவான கார்பன் டை ஆக்சைடைத் தன்மேல் பிடித்து வைக்கும். நிக்கலுக்குப் பக்கத்திலேயே ஆக்சிஜன் தயாராக இருக்கும்.

2020இல் தென்கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஜாஃபர் யாவுஸ் குழுவினர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். மக்னீசியம் ஆக்சைடின் ஒற்றைப் படிகங்கள்மேல் மாலிப்டினம் கலந்த நிக்கலை ஏற்றினார்கள். 2.9 நானோமீட்டர் துகள்கள் சூட்டில் நகர்ந்தன. ஆனால் படிக விளிம்புகளில் சேர்ந்து, 17 நானோமீட்டர் அளவோடு அங்கேயே நிலைத்துவிட்டன. 850 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டியும் கரி தென்படவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, துகள் நகர்வதைத் தடுக்காமல் நகர்ந்து நிற்க ஓர் இடம் கொடுத்ததுதான்.

சரி, சேகோ வாயுவை நேரடியாக இதில் விடலாமா? கூடாது. அதிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு நிக்கலைக் கெடுத்துவிடும், முதலில் அதை நீக்க வேண்டும். சூளையில் சுட்ட மக்னீசியம் ஆக்சைடில் சிலிக்கா கலந்திருப்பதால் அதையும் அப்படியே பயன்படுத்த முடியாது. அப்புறம், இந்த வினை வெப்பத்தை நிறைய விழுங்கும். அந்தச் சூட்டை நிலக்கரி எரித்துக் கொடுத்தால் ஒரு பக்கம் பிடித்த வாயுவை மறுபக்கம் விட்டதாகிவிடும். சூரிய மின்சாரத்தில் உலையைச் சூடாக்கினால்தான் கணக்கு நேராகும்.