"பையன் இறங்கிடுவான் சார்"னு சொல்ற சைட்ல லெவல் சென்சார் மாட்டுறது

போன வாரம் ஒரு போன். "சார், லெவல் சென்சார் ஒண்ணு மாட்டணும், ஒரு மணி நேர வேலைதான், டேங்க்ல ஏணி இருக்கு, நம்ம பையன் இறங்கி ஹோல் போட்டுடுவான், நீங்க வந்து வயரிங் மட்டும் கொடுத்தா போதும்"னாரு. கடலூர் பக்கம் ஒரு கம்பெனியோட ஈடிபி, அதாவது கழிவு நீர் சுத்திகரிப்பு நிலையம். டேங்க்ல தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு சொல்றதுதான் லெவல் சென்சார். நான் ஒண்ணுதான் கேட்டேன், டேங்க் திறந்ததா மூடுனதா? மூடுனதுதான், ஒரு மேன்ஹோல் இருக்குன்னாரு. அப்ப பையன் இறங்க வேணாம் சார், நாளைக்கு நானே வரேன், யாரும் இறங்காம மாட்டிடலாம்னு சொல்லி வச்சேன்.

புதுச்சேரில மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, இந்தப் பக்கம் கடலூர் சிப்காட்னு பதினெட்டு வருஷமா இதே இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலைதான். இந்த "பையன் இறங்கிடுவான்" டயலாக்க கேக்காத வருஷமே இல்ல. எனக்கு இதுல புரியாதது என்னன்னா, நாங்க மாட்டுற அல்ட்ராசோனிக் லெவல் சென்சாரோட பெருமையே தண்ணியத் தொடாம மேல இருந்து அளக்குறதுதான், சத்தத்த கீழ அனுப்பி எக்கோ திரும்பி வர நேரத்த கணக்குப் போட்டு லெவல் சொல்லுது. முன்னாடி குச்சி வச்சு எட்டிப் பாத்துட்டு இருந்த ஆள அந்தக் குழிகிட்டயே போக வேணாம்னு தள்ளி நிக்க வைக்கத்தான் இத்தன ஆயிரம் கொடுத்து வாங்குறோம். வாங்கிட்டு, மாட்டுறதுக்கு ஒரு ஆள உள்ள இறக்குனா என்ன அர்த்தம்?

நானும் இறக்குனவன்தான், அதையும் சொல்லிடுறேன். 2009-ல, வேலைக்கு வந்த புதுசு. கழிவு நீர் வந்து சேர்ற எட்டடி கலெக்‌ஷன் பிட், மூடிய தூக்கி வச்சு அரை மணி நேரம் காத்தாட விட்டோம். முதல்ல அழுகுன முட்டை நாத்தம், குடலப் பிடுங்குச்சு. கொஞ்ச நேரம் எட்டிப் பாத்துட்டு நின்ன ஹெல்பர் தம்பி "ண்ணா, நாத்தமே போயிடுச்சு"ன்னான். சரி கேஸ் வெளிய போயிடுச்சு போலன்னு நானும் நினைச்சேன். ட்ரில் மிஷினோட நாலு படி இறங்கினான், கண்ணு எரியுதுண்ணான்னு சொன்னான், அடுத்த நொடி கை தளர்ந்துடுச்சு. தோள் இன்னும் மேன்ஹோல் வாய்கிட்டயே இருந்ததால மூணு பேர் சட்டையையும் கையையும் பிடிச்சு இழுத்துட்டோம். ட்ரில் மிஷின் உள்ள போயிடுச்சு. இன்னும் ரெண்டு படி இறங்கியிருந்தா அந்த மிஷின் கூட அவனும் போயிருப்பான். வேப்ப மரத்தடில உக்கார வச்சு சோடா வாங்கிக் கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்குக் கூட கூட்டிட்டுப் போகல. அந்த கேஸ சுவாசிச்சா பல மணி நேரம் கழிச்சும் நுரையீரல்ல நீர் கோத்துக்கலாம்னு நான் தெரிஞ்சுக்கிட்டது ரொம்ப நாள் கழிச்சு. அவன் பொழைச்சது எங்க சாமர்த்தியத்துல இல்ல.

நாத்தம் போனது கேஸ் போனதால இல்ல, மூக்கு செத்துப் போனதால. அது ஹைட்ரஜன் சல்பைட். 1 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) கூட வேணாம், அதுக்குக் கீழயே நாறும். ஆனா 100 பிபிஎம் தொட்டா மோப்பமே மரத்துடும், அந்த அளவுலயே உயிருக்கு உடனடி ஆபத்துன்னு கணக்கு. 500 தாண்டுனா நிமிஷக் கணக்குல சுருண்டு விழுவாங்க. காத்த விட கனமானது, அதனால மூடிய திறந்து வச்சதும் தானா மேல எழும்பிப் போயிடாது, அடில படுத்துக் கிடக்கும். இன்னொரு கொடுமை, அடில படிஞ்ச கசடு (ஸ்லட்ஜ்) அசையாத வரைக்கும் கேஸ் மீட்டர்ல நல்ல ரீடிங் காட்டும், காலையோ குச்சியையோ விட்டுக் கிளறுனா உள்ள கரைஞ்சு கிடந்த கேஸ் குபுக்குன்னு வெளிய வரும். மீட்டர் ஓகே காட்டுச்சேன்னு இறங்கினவங்க மாட்டிக்கிறது இப்படித்தான்.

புதுச்சேரிக்காரங்களுக்கு இத விளக்கவே வேணாம். 2024 ஜூன் மாசம் ரெட்டியார்பாளையம் புதுநகர்ல பாதாள சாக்கடை கேஸ் வீட்டு டாய்லெட் வழியா ஏறி மூணு பேர் செத்துப் போனாங்க, அதுல ஒண்ணு பதினஞ்சு வயசுப் பொண்ணு. குழிக்குள்ள யாரும் இறங்கல, வீட்டுக்குள்ள இருந்தவங்க. அப்படின்னா அந்தக் குழிக்குள்ளயே தலைய விடுறவன் நிலைமைய யோசிச்சுப் பாருங்க.

சட்டம் தெளிவா இருக்கு. 2013 மனிதக் கழிவகற்றுவோர் தடைச் சட்டம் சாக்கடை, செப்டிக் டேங்க்ல பாதுகாப்பில்லாம ஆள இறக்கி சுத்தம் பண்ண வைக்கிறதத் தடை பண்ணுது. அப்படி இறக்கி செத்தா 30 லட்சம் இழப்பீடுன்னு 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. "நாங்க சுத்தம் பண்ணல, சென்சார்தான் மாட்டுறோம்"னு சிலர் மடக்குவாங்க. அவங்களுக்குப் பழைய தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 36-லயே சொல்லியிருந்துச்சு (2025 நவம்பர்ல அந்தச் சட்டத்துக்குப் பதிலா புதுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சு), விஷவாயு இருக்கக்கூடிய டேங்க், பிட், பைப்னு எதுக்குள்ளயும், தகுதியான ஆள் சோதனை பண்ணி எழுதிக் கொடுக்கணும், இல்லன்னா மூச்சுக் கருவியும் பெல்ட்டும் கயிறும் போட்டிருக்கணும், ரெண்டும் இல்லாம ஆள விடக்கூடாதுன்னு. சென்சார் மாட்டப் போனியா அடைப்பு எடுக்கப் போனியான்னு விஷவாயு கேக்காது.

சரி, அந்தப் போன் வந்த சைட்டுக்கே வரேன். மறுநாள் போய் என்ன பண்ணோம்னா, மேன்ஹோல் மூடியக் கழட்டி தனியா தூரமா எடுத்துட்டுப் போயிட்டோம், திறந்த வாய்க்கு கிரேட்டிங் போட்டு கயிறு கட்டி ஒரு ஆள நிக்க வச்சோம். மூடிலதான் ஹோல் போட்டு ஃபிளேஞ்ச் (சென்சார போல்ட் போட்டு உக்கார வைக்கிற வளையத் தட்டு) அடிச்சோம், டேங்க் மேல வச்சு இல்ல, ஒர்க்‌ஷாப்ல. ஏன்னா மீத்தேன் காத்துல 5 சதவீதம் இருந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும், டேங்க் வாய்ல உக்காந்து கிரைண்டர் போடுறது பட்டாசு மேல உக்காந்து பீடி பத்த வைக்கிற மாதிரி. வேலை நடக்குற நேரம் பூரா ஃபோர் கேஸ் டிடெக்டர் (நாலு வாயுவ அளக்குற மீட்டர்) ஆன்ல இருந்துச்சு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ போகக்கூடாது, எரியுற வாயு எல்ஈஎல்-ல, அதாவது தீப்பிடிக்கிற குறைஞ்சபட்ச அளவுல, 10 சதவீதம் தாண்டக்கூடாது, ஹைட்ரஜன் சல்பைட் 10 பிபிஎம் வந்தாலே கைய எடுத்துட்டு நகரு, இதுதான் எங்க கணக்கு. அளக்கும்போது மேல, நடுவுல, அடில மூணு இடத்துல டியூப் விட்டு அளக்கணும், முதல்ல ஆக்சிஜனப் பாக்கணும், ஏன்னா ஆக்சிஜன் கம்மியா இருந்தா நிறைய டிடெக்டர்ல எல்ஈஎல் ரீடிங்கே பொய் சொல்லும்.

ஃபிளேஞ்ச் மேல சென்சார மாட்டி, மூடிய திருப்பி வச்சோம், முடிஞ்சுது. ஒரு ஆளும் இறங்கல. திறந்த டேங்கா இருந்தா இன்னும் சுலபம், பாரபெட்லயோ ஹேண்ட்ரெயில் பக்கத்துலயோ சுத்துற மாதிரி ஒரு பிராக்கெட், சுத்தம் பண்ணணும்னா கைய நம்ம பக்கம் திருப்பிக்கலாம். இந்தச் சுத்துற பிராக்கெட்டுக்கு ஆயிரம் ரூபா கூட ஆகுதேன்னு பர்ச்சேஸ்ல கணக்குப் பாப்பாங்க. பாக்குறவங்க ஒண்ணு யோசிக்கணும், சென்சார் முகத்துல தண்ணி முத்து முத்தா கோக்கும், சிலந்தி கூடு கட்டும், யாராவது ஒருத்தர் மாசம் ஒருக்கா தொடைக்கத்தான் போறாரு. அந்த ஆள் எங்க நின்னு தொடைப்பாருன்னு பிராக்கெட் அடிக்கிற அன்னிக்கே முடிவாயிடுது. நாலடி தள்ளி நட்ட நடு டேங்க்ல நீட்டி வச்சுட்டுப் போயிட்டா ராத்திரி ஷிப்ட் ஆபரேட்டர் ஒரு கையில பைப்பப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால தொடைப்பாரு, கீழ ஏரேஷன் டேங்க், கழிவு நீருக்குள்ள காத்த அடிக்கிற தொட்டி. ஏரேஷன் டேங்க்ல விழுந்தா நீச்சல் தெரிஞ்சவனும் மிதக்கக் கஷ்டப்படுவான், தண்ணி பூரா காத்துக் குமிழி.

அதுக்காக சுவத்தோட ஒட்டியும் வைக்க முடியாது. சத்தம் விரியுற கோணம் (பீம்) 10 டிகிரின்னு வைங்க, 5 மீட்டர் ஆழத்துல அது 87 சென்டிமீட்டர் அகல வட்டமா விரியும், அப்ப சுவத்துல இருந்து 45 சென்டிமீட்டராவது தள்ளணும். ஏணி, பைப், தண்ணி கொட்டுற இன்லெட் எதுவும் அந்த வட்டத்துக்குள்ள வரக்கூடாது, வந்தா ஏணிப் படியத்தான் லெவல்னு காட்டிட்டு இருக்கும். நுரை நிறைய வர டேங்க்னா சத்தத்த நுரையே குடிச்சுடும், அங்க ரேடாரோ பிரஷர் டைப்போ போடச் சொல்லிட்டு வந்துடுவேன், நம்ம வியாபாரம் போனாலும். பயோகேஸ் டேங்க்லயும் அப்படித்தான், மீத்தேன்ல சத்தம் வேகமா போகும், கார்பன் டை ஆக்சைடுல மெதுவா போகும், சென்சாருக்குள்ள இருக்கிற கணக்கு சாதாரணக் காத்துக்கு.

பிளைண்ட் ஜோன் விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சென்சார் முகத்துக்குக் கீழ ஒரு 25, 30 சென்டிமீட்டர், மாடலப் பொறுத்து, அதுக்குக் கண்ணு தெரியாது. தண்ணி அதுக்குள்ள ஏறிட்டா முதல் எக்கோவ விட்டுட்டு ரெண்டாவது எக்கோவப் பிடிக்கும், தூரம் டபுளா தெரியும், லெவல் இறங்கிட்ட மாதிரி காட்டும், தண்ணிய வெளியேத்துற பம்ப் நின்னுடும், டேங்க் வழியும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரை ஏறினப்ப புதுச்சேரில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி நாள்ல எந்த வெட் வெல்லும் (பம்ப் உறிஞ்சுற கழிவு நீர்க் குழி) டிசைன் லெவலோட நிக்காது. அதனால ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கு மேல பிளைண்ட் ஜோன் தூரத்தையும் சேத்து வச்சுத்தான் மாட்டணும், கூடவே தனி ஒயர்ல ஒரு ஃபுளோட் சுவிட்ச், தண்ணி ஏறினா மிதந்து ஆன் ஆகுற சுவிட்ச். ரொம்ப மலிவான அய்ட்டம், ஆனா அன்னிக்கு ராத்திரி அதுதான் காப்பாத்தும்.

பம்ப்னு சொன்னதும் ஞாபகம் வருது. லெவல் சென்சார் வேற ஆட்டோ பம்ப் வேறன்னு நினைச்சுட்டு வேலை பாக்குறவங்கள நிறைய பாத்துட்டேன். சென்சார் பேனலுக்கு அனுப்புற கரண்ட்ல 4 மில்லி ஆம்ப்னா டேங்க் காலி, 20-ன்னா நிரம்பினது. டெஸ்ட் பண்றேன்னு நீங்க மேல உக்காந்து 18 மில்லி ஆம்ப் விட்டீங்கன்னா பேனல் "ஆஹா டேங்க் ரொம்பிடுச்சு"ன்னு பம்ப்ப ஓட விட்டுடும், கீழ பம்ப்ல ஒருத்தர் கப்ளிங் கழட்டிட்டு இருப்பாரு. பம்ப்ப மேனுவல் மோடுல போட்டா பத்தாது, மெயின் கரண்ட வெட்டுற ஐசொலேட்டர ஆஃப் பண்ணி பூட்டுப் போட்டு சாவிய உங்க பாக்கெட்ல வைங்க. எக்கோ கிடைக்கலன்னா அவுட்புட் எங்க போகணும்ங்கிற செட்டிங்கையும் ஆபரேட்டர்கிட்ட கேட்டு வைங்க, அந்த டேங்க்ல வழியுறது பெரிய நஷ்டமா பம்ப் காஞ்சு ஓடுறது பெரிய நஷ்டமான்னு அவருக்குத்தான் தெரியும்.

ஃப்ளோ அளக்குற இடத்துக்கு வருவோம், இங்க ஆபத்து ஆளுக்குக் கம்மி, கணக்குக்கு அதிகம். 2014-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகை ஆலைகளுக்கு ஆன்லைன் மானிட்டரிங் கட்டாயம்னு சொன்னதுல இருந்து பார்ஷல் ஃபுளூம் (தண்ணி உயரத்த வச்சு ஃப்ளோ கணக்குப் போடுற குறுகலான வாய்க்கால்) மேல அல்ட்ராசோனிக் மாட்டுற வேலை எக்கச்சக்கம். ஒரு சைட்ல தினமும் பத்து மணில இருந்து ஃப்ளோ குறையுது, சாயங்காலம் சரியாயிடுது, கம்பெனிய நம்பாம எல்லாரும் முறைச்சுப் பாக்குறாங்க. காரணம் வெயில். சென்சாருக்குள்ள இருக்கிற டெம்பரேச்சர் சென்சார் வெயில்ல 45 டிகிரி காட்டுது, கீழ காத்து 33 டிகிரிதான். ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் சத்தத்தோட வேகம் கூடுதுன்னு அது கணக்குப் போட்டுக்குது, 1.2 மீட்டர் தூரத்துல ரெண்டரை சென்டிமீட்டர் தப்பு. 20 சென்டிமீட்டர் தண்ணி பதினேழரையா தெரியும், பார்ஷல் ஃபுளூம்ல அது ஃப்ளோவுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு காணாம போறது. ஒரு தகரத்த வளைச்சு நிழல் கொடுத்ததும் தீந்துச்சு. அக்னி நட்சத்திரத்துல போய் கேலிப்ரேஷன் பண்ணா இந்த ஊர்ல உண்மை தெரியும்.

அடுத்து, பைப்ப வெட்டாம வெளிப்பக்கமே பிடிச்சு நிக்கிற கிளாம்ப் ஆன் ஃப்ளோமீட்டர் மாட்டுறவங்களுக்கு. பைப்போட பக்கவாட்டுல மாட்டுங்க, உச்சில காத்து நிக்கும், அடில மண்ணு படியும். தண்ணி வர பக்கம் பைப் விட்டத்துல 10 மடங்கு, போற பக்கம் 5 மடங்கு நேர் பைப் வேணும், பைப் நிறைய தண்ணி ஓடணும், கழிவு நீர்ல குமிழியும் திடப்பொருளும் அதிகம்னா டாப்ளர் டைப், சுத்திகரிச்ச தண்ணின்னா டிரான்சிட் டைம். இது எல்லாம் மேனுவல்லயே இருக்கும். மேனுவல்ல இல்லாதது, அந்த நேர் பைப் கிடைக்கிற இடம் பெரும்பாலும் ரோட்டோரம் ஆறடி வால்வ் சேம்பர். டேங்க் இல்லையே, வெறும் வால்வ் குழிதானேன்னு டக்குன்னு குதிச்சுடுவாங்க. அதுவும் கேஸ் தேங்குற குழிதான். மீட்டர் விட்டுப் பாருங்க, பிளோயர் வச்சு காத்து அடிங்க, ட்ரைபாட் வின்ச்சும் ஹார்னஸும் இல்லாம இறங்காதீங்க, மேல ஒருத்தர் வேற எந்த வேலையும் பாக்காம நிக்கணும். உள்ள இருக்கிறவன் விழுந்தா மேல நிக்கிறவன் இறங்கவே கூடாது, வின்ச்சத்தான் சுத்தணும். அண்ணன் விழுந்தான்னு தம்பி குதிக்கிற செய்திய எத்தன தடவ பேப்பர்ல படிச்சிருக்கோம்.

உப்பங்காத்து ஊர் இது, எம்எஸ் (சாதா இரும்பு) ஆங்கிள் ரெண்டு மழைக்கு மேல தாங்காது, துருப்பிடிக்காத எஸ்எஸ் 316 ஸ்டீல் கேளுங்க. ஜங்ஷன் பாக்ஸ குழி வாய்ல வைக்காதீங்க, அந்த கேஸ் காப்பர் டெர்மினல கருக்கடிச்சுடும். கேபிள் ஷீல்டு ஒரு பக்கம் மட்டும் எர்த், விஎஃப்டி (மோட்டார் வேகத்த மாத்துற கருவி) கேபிள் கூட சேத்து இழுக்க வேணாம், சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம். மூடுன குழிக்குள்ள போறது எதுவா இருந்தாலும் எக்ஸ் சர்டிபிகேட் (வெடிக்கிற வாயு இருக்கிற இடத்துக்கு ஏத்ததுங்கிற சான்று) இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

அந்த சைட்ல வேலை முடிச்சு மூடி மேல பெயின்ட்ல ரெண்டு வரி எழுதி வச்சுட்டு வந்தேன்: சென்சார் தொடைக்க மூடியத் திறக்க வேணாம், நாலு போல்ட்டக் கழட்டி சென்சார மட்டும் மேல தூக்குங்க, ஓட்டைய உடனே பிளாங்க் தட்டு போட்டு மூடுங்க. பையன் படிச்சுப் பாத்துட்டு, "அப்ப அந்த ஏணிய என்ன சார் பண்றது"ன்னான். மேனேஜர்கிட்ட சொல்லி அறுத்து எடுக்கச் சொல்லியிருக்கேன், டேங்க காலி பண்ணி கழுவி காத்து அடிச்சு அடுத்த ஷட் டவுன்ல.