குட்டிச்சாத்தான் பறக்கலாம், ஆட்டோ பறக்கக் கூடாது

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் உள்ள அரசமரத்தில் ஒரு குட்டிச்சாத்தான் குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும். பக்கத்துத் தெருவில் வசிக்கும் மலர்விழியோடு மட்டும் தமிழில் பேசும். இப்படி ஒரு கதை தொடங்கினால் நாம் முகம் சுளிப்பதில்லை. அப்புறம் என்ன என்று பக்கத்தைப் புரட்டுகிறோம். நாற்பதாம் பக்கத்தில், வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அல்சூரில் ஆட்டோ ஏறும் மலர்விழி, பத்தே நிமிடத்தில் எலக்ட்ரானிக் சிட்டியில் போய் இறங்குகிறாள். இந்த ஊரில் வேலை பார்க்கும் தமிழர் எவரும் அதற்கு மேல் படிக்க மாட்டார். நடுவில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை யார் தூக்கிக்கொண்டு போனார்கள்?

பறக்கும் சாத்தானை விட்டுவிட்டு ஓடும் ஆட்டோவைப் பிடித்துக்கொள்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதில் ஒரு முறைமை இருக்கிறது. இலக்கியக் கோட்பாட்டாளர் மேரி-லோர் ரயன் 1980இல் அதை விளக்கினார். கதையின் உலகம் எங்கெங்கே நம் உலகத்திலிருந்து வேறுபடுகிறது என்று ஆசிரியர் சொல்கிறாரோ, அங்கே மட்டும் நாம் மாற்றிக்கொள்கிறோம். சொல்லாத இடங்களை நம் உலகத்தைக் கொண்டே நிரப்பிக்கொள்கிறோம். சாத்தானைப் பற்றி ஆசிரியர் சொல்லிவிட்டார். சில்க் போர்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அது நாம் அன்றாடம் நின்று வேகும் அதே சில்க் போர்டுதான். சாத்தான் ஆட்டோவையும் தூக்கிப் பறக்கும் என்று பத்தாம் பக்கத்திலேயே ஒரு வரி இருந்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டோம்.

இந்த நிரப்பும் வேலையை மூளையில் நேரடியாக அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மலர்விழியின் ஆட்டோ ஓசூர் சாலை வழியாகப் போனால், மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் மருத்துவமனையைக் கடக்கும். அங்கே ஈ.ஈ.ஜி. எடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்: தலையில் பசை தடவி, மின்முனைகளை ஒட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். அதே முறையில் 1980இல் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் ஆகிய இருவரும் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ‘அவன் சூடான ரொட்டியில் காலுறையைத் தடவினான்’ என்பது போன்ற வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். பொருந்தாத சொல் வந்து சுமார் 400 மில்லிவினாடியில், அதாவது அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில், மூளையின் மின் அலை எதிர்மறைப் பக்கம் சரிந்தது. அதற்கு என்400 என்று பெயர் வைத்தார்கள்.

நெதர்லாந்தில் நியூலண்ட், வான் பெர்கம் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. அவர்கள் ஒரு வேர்க்கடலையைக் கதாநாயகனாக்கினார்கள். அது சிரிக்கிறது, ஆடுகிறது, ஒரு பெண்ணைப் பற்றிப் பாடுகிறது. கடைசியில் ‘வேர்க்கடலை காதல் வயப்பட்டிருந்தது’ என்று வந்தபோது மூளை பேசாமல் இருந்தது. ‘வேர்க்கடலை உப்புப் போட்டதாக இருந்தது’ என்று வந்தபோதுதான் என்400 எழும்பியது! உண்மை உலகில் உப்புக்கடலைதான் சரி. அந்தக் கதைக்குள் அது பிழை. சில வாக்கியங்களே போதுமாக இருந்தன, மூளை வேறு சட்டத்துக்கு மாறிக்கொள்ள. ‘பேய்க் கதையில் லாஜிக் பார்க்காதீர்கள்’ என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்களே, அந்தச் சாக்கை இனி ஏற்க வேண்டியதில்லை. பேய்க் கதையிலும் மூளை லாஜிக் பார்க்கிறது. பேயின் லாஜிக்கைப் பார்க்கிறது.

சொல் அளவில் மட்டுமல்ல, பாத்திரத்தின் அளவிலும் இது நடக்கிறது. ஆல்பிரெக்ட், ஓ'பிரையன் இருவரும் 1993இல் மேரி என்ற பெண்ணைப் பற்றிய சிறுகதையைக் கொடுத்தார்கள். அவள் சைவ உணவுக்காரி என்பது ஆரம்பத்தில் வருகிறது. சில வாக்கியங்கள் கழித்து உணவகத்தில் அவள் மாட்டிறைச்சி பர்கர் கேட்கிறாள். அந்த வாக்கியத்தைப் படிக்க வாசகர்களுக்குக் கூடுதல் நேரம் ஆனது. நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாக ‘மாறுகொளக் கூறல்’ என்பதை வைத்திருக்கிறது. பவணந்தியார் சொன்ன அந்தக் குற்றம் மில்லிவினாடிக் கணக்கில் அகப்பட்டுவிட்டது என்று எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இவ்வளவு கூர்மையான காவல் இருந்தும் ஓட்டைக் கதைகள் எப்படித் தப்பிப் பிழைக்கின்றன? முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: முல்லைக்குத் தேர் ஈந்த பேகன் எந்த மலைக்கு அரசன்?

பறம்பு மலை என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்கள் ஒரு வரி பின்னால் போங்கள். தேர் ஈந்தவன் பாரி. பேகன் மயிலுக்குப் போர்வை தந்தவன். இரண்டு பேருமே கடையெழு வள்ளல்கள், இரண்டுமே அஃறிணைக்குத் தந்த கொடை. ஆகவே மூளை ‘கிட்டத்தட்டச் சரி’ என்று விட்டுவிடுகிறது. பேகனுக்குப் பதில் அக்பர் என்று கேட்டிருந்தால் உடனே பிடித்திருப்பீர்கள். எரிக்சன், மேட்சன் இருவரும் 1981இல் விவிலியத்தின் நோவாவின் பேழைக் கதையில் மோசேயின் பெயரை நுழைத்து இதைக் காட்டினார்கள். மந்திரக் கதைகளிலும் இதுதான் நடக்கிறது. முதல் பாகத்தில் நிலா வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்த தாயத்து, மூன்றாம் பாகத்தில் விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்தால் பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள்.

அடுத்த காரணம், கதை நம்மை இழுத்துக்கொண்டு போகும் வேகம். மெலனி கிரீன், டிமதி பிராக் ஆகியோர் 2000இல், ஒரு கதையைக் கொடுத்து, பொய்யாக ஒலிக்கும் இடங்களையெல்லாம் வட்டமிடச் சொன்னார்கள். கதையில் ஆழமாக மூழ்கியவர்கள் குறைவாகவே வட்டமிட்டார்கள். சோதிப்பதற்கும் மூழ்குவதற்கும் அதே கவனம்தான் தேவைப்படுகிறது. அது ஒன்றுதான் இருக்கிறது. வீடு திரும்பி, குளிர்பெட்டியைத் திறந்து எதையோ எடுக்கும் நேரத்தில்தான் ‘அதெப்படி?’ என்று தோன்றும் காட்சிகளைப் பற்றித் திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் பேசியிருக்கிறார். அவர் அதைக் குறையாகவும் நினைக்கவில்லை. அரங்கத்தில் பிடிபடாவிட்டால் அவருக்குப் போதும்.

எனக்குப் போதாது. காரணம், விதி உடைந்தால் உண்மையில் செத்துப்போவது பதற்றம்தான். ‘இனி என்ன நடக்கும்’ என்ற பதற்றம், நடக்கக்கூடியவற்றை நாம் மனத்துக்குள் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதில் பிறக்கிறது. மரபான தர்க்கவியலில் ஒரு முரணை ஏற்றுக்கொண்டால் எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம். கதையிலும் எதுவும் நடக்கலாம் என்றானபின் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. நம் பழங்கதைக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பஸ்மாசுரன் யார் தலையில் கைவைத்தாலும் அவர் சாம்பல். அந்த ‘யார்’ என்பதில் அவனும் அடக்கம். வேதாளத்தின் நிபந்தனை அதைவிடக் கச்சிதமானது. விக்கிரமன் வாய் திறந்தால் அது முருங்கைமரம் ஏறிவிடும். விடை தெரிந்தும் பேசாமலிருந்தால் அவன் தலை சுக்குநூறாகும். கடைசிக் கதையின் புதிருக்கு அவனுக்கு விடை தெரியவில்லை. ஆகவே பேசாமல் நடக்கிறான், தலையும் பிழைக்கிறது. ‘தெரிந்தும்’ என்ற சொல் முதல் கதையிலேயே அங்கே இருந்தது.

அறிவியல் புனைவுக்காரர்களின் பாடு இதைவிடக் கடினம். சொல்லாத இடங்களில் இயற்பியலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மனிதன் எறும்பளவு சுருங்கும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு மெட்ரோவில் திரும்பும்போது, என் அக்கா மகன் கேட்டான்: “மாமா, சுருங்கினால் அவன் எடை என்ன ஆகும்?”

நல்ல கேள்வி. 60 கிலோ எடையுள்ளவன் உயரத்தில் நூறில் ஒரு பங்காக, சுமார் 1.7 சென்டிமீட்டராக, ஆகிறான். எடை மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். பாதத்தின் பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சாதாரணமாக நாம் தரையில் தரும் அழுத்தம் ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல். அவனுடையது 200 மெகாபாஸ்கல். வழக்கமான கட்டடக் கான்கிரீட் 20 முதல் 40 மெகாபாஸ்கலில் நொறுங்கிவிடும். அவன் நின்ற இடமெல்லாம் குழி விழும். அவன் உடலின் அடர்த்தியோ, எரிந்து முடிந்து இறுகிச் சுருங்கிய வெண்குறு விண்மீனின் அடர்த்திக்குப் போய்விடும். சந்திரசேகர் நட்சத்திரங்களுக்குப் போட்ட கணக்கை அவனுக்கும் போடலாம். மாறாக, எடையும் கனஅளவோடு சேர்ந்து சுருங்கினால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, வெறும் 60 மில்லிகிராம். அவன் குத்து யாருக்கும் உறைக்காது. பரப்பும் கனஅளவும் வெவ்வேறு வேகத்தில் மாறும் என்ற இந்தக் கணக்கை 1638இலேயே கலிலியோ எழுதிவிட்டார். படத்திலோ நாயகன் எறும்பின் மேல் சவாரி செய்யும்போது ஒரு விதி, வில்லனைக் குத்தும்போது இன்னொரு விதி.

“குத்தும் கணத்தில் மட்டும் எடை திரும்பி வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாமே?” என்றான் அக்கா மகன்.

வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியிலிருந்து யாரும் தள்ளாவிட்டால் உந்தம், அதாவது எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் அளவு, மாறாது. எடை பத்து லட்சம் மடங்கு கூடினால் வேகம் அதே மடங்கு குறைந்தாக வேண்டும். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாய்ந்து வந்த நாயகன், வினாடிக்கு 10 மைக்ரோமீட்டர் என்று ஊர்வான். ஒரு சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் தாடையைத் தொட அவனுக்கு 16 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் வில்லன் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். இதைச் சொன்னதும் அவன் இந்திராநகர் நிலையம் வரும்வரை யோசித்துவிட்டு, உந்தத்துக்கும் சேர்த்து இன்னொரு மந்திரத்தை இடைவேளைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றான்.