ஏலக்காய் விலைக்கு ஒரே எக்ஸ்.எம்.எல். கோப்பு போதும்

கம்பம், போடி, குமுளி பக்கம் ஏலக்காய் வியாபாரத்துக்கு இணையதளம் நடத்துகிறவர்கள் பலரும் செய்கிற வேலை இது: போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) இ-ஏலம் முடிந்ததும், விலையைத் தமிழ்ப் பக்கத்தில் ஒரு தடவை, மலையாளப் பக்கத்தில் ஒரு தடவை, ஆர்.எஸ்.எஸ்.ஸில் (சந்தாதாரருக்குத் தானே போய்ச் சேரும் செய்தியோடை) ஒரு தடவை, எக்செல் கேட்பவர்களுக்கு ஒரு தடவை என்று கையால் அடிப்பது. மூன்றாவது தடவையில் 2745 என்பது 2475 ஆகிவிடும். கிலோவுக்கு 270 ரூபாய் வித்தியாசம். தோட்டக்காரர் காயை வைத்திருப்பதா, விற்பதா என்று முடிவெடுப்பதே அதைப் பார்த்துத்தான்.

எண்ணை ஒரே எக்ஸ்.எம்.எல். கோப்பில் வைத்து, மற்ற வடிவங்களை எக்ஸ்.எஸ்.எல்.டி. (எக்ஸ்.எம்.எல்.லை வேறு வடிவங்களாக மாற்றும் மொழி) மூலம் அதிலிருந்து எடுப்பதே வழி. எக்ஸ்.எம்.எல். என்பது தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதிவைக்கும் முறை, 1998-ல் வந்த தரம். அதில் குறிச்சொற்களைத் தமிழிலேயே வைக்கலாம். கீழே உள்ளவை மாதிரி எண்கள் (எடை கிலோவில், விலை கிலோவுக்கு ரூபாயில்):

<ஏலம் எண்="மா-1" நாள்="2025-01-15" ஊர்="2">
  <லாட்>180</லாட்>
  <வரத்து>48250.5</வரத்து>
  <விற்பனை>47110.2</விற்பனை>
  <அதிகம்>3120</அதிகம்>
  <சராசரி>2745.35</சராசரி>
</ஏலம்>

ரூபாய்க் குறி, ஆயிரத்துக்குக் காற்புள்ளி, ஊர்ப் பெயர் எதுவும் இதில் கிடையாது. அவையெல்லாம் காட்டும் இடத்துச் சமாச்சாரம். "ரூ.2,745.35" என்று தரவிலேயே எழுதிவிட்டால் நாளைக்கு வாரச் சராசரி போட முடியாது, கூட்டப்போனால் 'எண் அல்ல' என்று வரும்.

ஊருக்கு ஏன் வெறும் குறியெண்? புத்தடி என்று ஒருவர் அடிப்பார், புற்றடி என்று இன்னொருவர் அடிப்பார். அதைவிட மோசம் கண்ணுக்கே தெரியாதது. 'போடி'யில் உள்ள 'போ'வை ஓகாரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் எக்ஸ்.எஸ்.எல்.டி. ஒப்பிடும்போது இரண்டும் வேறு சொல். அந்த ஊரின் விலை வரிசை காணாமல் போகும், பிழைச் செய்தியும் வராது. எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடு தரத்தின் என்.எஃப்.சி. முறையில் (ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்குவது) சீராக்கினால் தமிழில் இது சரியாகிவிடும். மலையாளச் சில்லெழுத்துக்கு (உயிர் சேராத மெய்க்கான தனி வடிவம்) அந்த மருந்து வேலை செய்யாது. 2008-ல் யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனிக் குறியெண் கொடுத்தது. அதற்கு முந்தைய முறையில் அடித்த உரையை என்.எஃப்.சி. மாற்றாது. ஆகவே 1 போடி, 2 புத்தடி என்று வைத்து, பெயர்களைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் தனிக் கோப்பில் ஒரே தடவை எழுதிவிடுங்கள்.

இனி உருமாற்றம். வடிவத்துக்கு ஒரு நடைத்தாள் (எக்ஸ்.எஸ்.எல்.டி. கட்டளைகள் உள்ள கோப்பு): எச்.டி.எம்.எல்.லுக்கு ஒன்று (மொழி மட்டும் அளபுருவாக, அதாவது வெளியிலிருந்து தரும் மதிப்பாக, மாறும்), ஆர்.எஸ்.எஸ்.ஸுக்கு ஒன்று, எக்செலில் திறக்கும் சி.எஸ்.வி.க்கு ஒன்று. லினக்ஸ் சர்வர்களில் சாதாரணமாகக் கிடைக்கும் லிப்எக்ஸ்.எஸ்.எல்.டி. என்ற உருமாற்று மென்பொருள் எக்ஸ்.எஸ்.எல்.டி.யின் 1.0 பதிப்பு மட்டுமே அறிந்தது. அதில் தேதியை வடிவமைக்கும் வசதி இல்லை. காற்புள்ளியையும் மூன்று மூன்று இலக்கமாகத்தான் போடும், 1,25,000 என்பது 125,000 ஆகும். சாக்சன் என்ற இன்னொரு மென்பொருள் போட்டால் இரண்டுக்கும் வழி உண்டு, ஆனால் அதன் வழக்கமான பதிப்புக்கு ஜாவா வேண்டும். உருமாற்றத்தை உலாவியிடம் விடாதீர்கள். எக்ஸ்.எஸ்.எல்.டி. ஆதரவை நீக்கப்போவதாக குரோம் 2025-லேயே அறிவித்துவிட்டது. சர்வரிலேயே முடித்து, ஆயத்தப் பக்கத்தை அனுப்புங்கள்.

ஆர்.எஸ்.எஸ்.ஸில் ஒவ்வொரு செய்திக்கும் அடையாளம் ஏல எண்ணாக இருக்கட்டும். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட ஏலம் நடப்பதால் தேதி போதாது. கோப்பு உருவான நேரத்தை அடையாளமாக வைத்தால் ஒவ்வொரு தடவையும் பழைய விலையெல்லாம் புதுச் செய்தியாகப் போய், சந்தாதாரர் அலுத்து விலகிவிடுவார். சி.எஸ்.வி.யின் தொடக்கத்தில் யூ.டி.எஃப்-8 பி.ஓ.எம். குறி (கோப்பு யூனிகோடில் உள்ளது என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாவிட்டால் எக்செலில் தமிழ் குப்பையாகத் தெரியும். ஜேசன் என்ற தரவு வடிவம், கைபேசிச் செயலி கேட்டால் மட்டும்.

கம்பெனிப் பெயர்களையும் தரவில் சேர்ப்பதானால் & குறியைக் கவனியுங்கள். எச்.டி.எம்.எல். அதை மன்னிக்கும், எக்ஸ்.எம்.எல். பாகுபடுத்தி (கோப்பைப் படிக்கும் நிரல்) அந்த வரியிலேயே நின்றுவிடும். நிற்கும்போது வெளியீட்டுக் கோப்பு காலியாகவும் ஆகக்கூடும். அதனால் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். பிழையின்றி முடிந்ததா, விலை வரிசை ஒன்றாவது இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே சரிபார்த்து, பிறகு பெயரை மாற்றட்டும். தவறினால் பழைய பக்கம் அப்படியே நிற்கும். விலைக்கு மேலே ஏலத் தேதி பெரிதாக இருந்தால், நேற்றைய விலையை இன்றையதாக எவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தத் தேதியை எக்ஸ்.எம்.எல்.லில் இருந்துதான் எடுக்க வேண்டும், சர்வர் கடிகாரத்திலிருந்து அல்ல.